வளர்ப்புப் பூனையின் மேனியில் நல்ல மணம் ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில் பூனை நடமாடாத வீடு அபூர்வம். நெல் சேர்த்து வைக்கும் வீட்டுக்கு எலி வரும், எலி வரும் வீட்டில் பூனைக்கு ஒரு கிண்ணம் பால் வைப்பார்கள் என்பது இங்கே தலைமுறை வழக்கம். அப்படி வேலைக்கு வந்த பூனை மடிக்கு வந்தபின் அதன் உச்சந்தலையை ஒருமுறையேனும் முகர்ந்து பார்க்காதவர்கள் குறைவு. முகர்ந்தவர்கள் அதை வெளியே சொல்லத்தான் கூச்சப்படுவார்கள். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் பல ஆண்டுகளாக என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விகளையும், படித்தும் பார்த்தும் நான் அறிந்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பூனையின் மேல் நல்ல மணம் வீசுவது உண்மையா, வளர்ப்பவரின் பிரமையா?

உண்மைதான். ஆனால் மல்லிகைக்கு மணம் இருப்பதைப் போலப் பூனைக்கும் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டால் விடை பிடிபடாது. நலமாக இருக்கும் பூனையின் மேனியில் கெட்ட வாடையை உண்டாக்கும் பொருள்கள் மிகவும் குறைவு. அதன் தோலில் ஊறும் எண்ணெய்ப் பசைக்கு மெல்லிய மணம் ஒன்று உண்டு. அந்தப் பசையில் அது வாழும் வீட்டின் மணம் வந்து ஒட்டிக்கொள்கிறது. நாம் முகர்வது இவை கலந்த ஒன்றை. இவற்றில் பெரிய பங்கு வீட்டுக்கு உரியது என்பது என் கணிப்பு. வேறொரு வீட்டுப் பூனையைத் தூக்கி முகர்ந்து பார்ப்பவருக்கு இது சட்டென விளங்கிவிடும்.

அன்பும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. மூக்கின் வழியாகச் செல்லும் செய்தி, மற்றப் புலன்களின் செய்தியைவிட நேரடியாக, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளைச் சென்றடைகிறது. ஆகவே மடியில் உறங்கிய பூனையின் மணம் மனத்தில் தங்கிவிடுவதில் வியப்பில்லை.

அந்த மணத்தை எதனோடு ஒப்பிடலாம்?

மூக்கு அறிவதற்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. மணம், வாசனை, வாடை, நெடி, கவுச்சி, வீச்சம் என்று ஒவ்வொன்றும் ஒரு தரத்தைக் குறிக்கும். ஒரு காலத்தில் நறுமணத்தைச் சுட்டிய ‘நாற்றம்’ இன்று திட்டுச் சொல்லாகிவிட்டது. பூனையின் மணம் இவற்றில் ‘வாசனை’யின் அளவுக்கு எடுப்பானது அன்று, அருகில் சென்றால்தான் தெரியும் ‘மணம்’.

எங்கள் வீட்டுச் செவலைப் பூனை, தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து தாழ்வாரத்தில் மூட்டைகளை அடுக்கியவுடன், அவற்றில் மிக உயரமானதைத் தேர்ந்தெடுத்து ஏறிப் படுத்துவிடும். மாலையில் அதை இறக்கும்போது காதுகளுக்கு நடுவே முகர்ந்தால் அப்போதுதான் மணலிலிருந்து சலித்தெடுத்த பொரியின் மணமும், பிடரியில் வெயிலில் காய்ந்த வேட்டியின் மணமும், பாதத்தின் அடியில் மட்டும் லேசான உவர்ப்பு மணமும் இருக்கும். நாகப்பட்டினத்தில் மீன்பிடித் துறைக்கு அருகே வசிக்கும் என் அத்தை வீட்டுப் பூனையிடம் பொரியும் இல்லை, வேட்டியும் இல்லை. அதனிடம் உப்புக் காற்றும், கருவாடு காயும் பாயின் சாயலும் இருந்தன. அத்தை அதை மணம் என்றுதான் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பூனைக்கு வியர்க்காதா?

வியர்க்கும், ஆனால் நீர்த்த வியர்வையைச் சுரக்கும் சுரப்பிகள் அதன் பாதத்தின் மெத்தைகளில்தான் உண்டு. சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரையில் பூனை நடந்தபின் ஈரமான சிறு தடங்கள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். மனித உடலிலோ அத்தகைய சுரப்பிகள் 20 முதல் 40 இலட்சம் வரை பரவியிருக்கின்றன. அது போதாதென்று நம் அக்குளில் வேறு வகைச் சுரப்பிகளும் இருக்கின்றன. அவற்றின் சுரப்பைத் தோலில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைப்பதால்தான் நம்மிடம் வீச்சம் பிறக்கிறது. மயிர் மூடிய பூனையின் உடலில் அவ்வகைச் சுரப்பு மிகக் குறைவு, சேர்ந்த சிறிதளவும் அவ்வப்போது வழித்தெடுக்கப்பட்டுவிடுகிறது. களத்துமேட்டிலிருந்து வீடு திரும்பிய மனிதரும் அதே களத்தில் எலி பிடித்துத் திரும்பிய பூனையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது யார் முதலில் குளிக்க வேண்டும் என்பதில் ஐயமே எழாது.

நாக்கால் நக்கியே இவ்வளவு சுத்தமாக இருக்க முடியுமா?

முடியும். இந்தப் பொருளில் மிகச் சுவையான பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பூனையின் நாக்கு உங்கள் கையில் பட்டால் உப்புத்தாள் உரசியதைப் போல் இருக்கும். அந்தச் சொரசொரப்புக்குக் காரணம், நாக்கின் மேல் தொண்டையை நோக்கி வளைந்து நிற்கும் நுண்ணிய முட்கள். நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் பொருளால்தான் அவையும் ஆனவை. வெகு காலம் இவற்றைக் கூம்பு வடிவ முட்கள் என்றே கருதிவந்தார்கள். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, ஒவ்வொரு முள்ளின் நுனியும் உள்ளே குடைவாக, ஒரு சிறு அகப்பையைப் போல் இருப்பதைக் காட்டியது. நாக்கை உள்ளே இழுக்கும்போது அந்தக் குடைவில் எச்சில் தானாக ஏறிக்கொள்கிறது. நக்கும்போது முள் மயிர்க்கற்றைக்குள் புகுந்து, தோல்வரை சென்று, அங்கே எச்சிலை விட்டுவிட்டு அழுக்கையும் உதிர்ந்த மயிரையும் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. சீப்பு, தண்ணீர், துவாலை ஆகிய மூன்றின் வேலையையும் ஒரே இழுப்பில் செய்யும் கருவி இது. அந்த எச்சில் ஆவியாகும்போது உடலும் குளிர்கிறது. பாதங்களில் மட்டும் வியர்க்கும் விலங்குக்கு அக்கினி நட்சத்திர நாள்களில் இது சிறிய உதவியன்று.

பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை இந்த வேலைக்கே செலவிடுகிறது. சாப்பிட்ட உடனே முதலில் உதட்டை நக்கும், பிறகு முன்னங்காலை நனைத்து முகத்தையும் காதின் பின்புறத்தையும் துடைக்கும், அதன்பின் தோள், விலா, பின்னங்கால், வால் என்று இறங்கும். உண்ட இறைச்சியின் கவுச்சி மீசையில் ஒட்டியிருக்கக் கூடாது என்பதில் அது காட்டும் கவனத்தை, பந்தியிலிருந்து எழுந்து கை கழுவச் செல்லும் பெரியவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை. பாரசீக வகைப் பூனைகளுக்கு மட்டும் இந்த வசதி முழுமையாகக் கிட்டுவதில்லை. அவற்றின் மயிர் அடர்த்தி நாக்கின் முள்ளுக்கு எட்டாத ஆழமுடையது என்பதும் அதே ஆய்வு கண்ட செய்தி. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் இப்போது இவ்வகைப் பூனைகளை ஆசையாக வாங்கி வளர்க்கிறார்கள். நாள்தோறும் சீப்பால் சீவிவிட நேரமில்லாதவர்கள் அந்த ஆசையை ஒத்திவைப்பது நல்லது.

எச்சில் காய்ந்தால் நாற வேண்டாமா? அது கிருமிநாசினி என்பது உண்மையா?

நலமான வாயின் எச்சில் மெல்லிய படலமாகப் பரவி விரைவில் காய்ந்துவிடுவதால் வாடை தங்குவதில்லை. எச்சிலில் நுண்ணுயிரிகளை எதிர்க்கும் சில பொருள்கள் இருப்பது மெய்தான் என்றாலும், அதைக் கிருமிநாசினி என்று சொல்வது மிகை. பாஸ்டியுரெல்லா என்னும் பாக்டீரியா பெரும்பாலான பூனைகளின் வாயில் இயல்பாகவே வாழ்கிறது. பூனைக்கடி சில மணி நேரத்தில் வீங்கிச் சீழ் கட்டுவதற்கு அதுவே முக்கியக் காரணம். ‘பூனை நக்கினால் புண் ஆறும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாய்க்கு வாடை இருக்கிறது. பூனைக்கு ஏன் இல்லை?

நாய்க்கும் உடல் முழுதும் நம்மைப் போல் வியர்ப்பதில்லை. ஆனால் அதன் தோலின் எண்ணெய்ச் சுரப்பும், அந்த எண்ணெயில் வாழும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் தரும் வாடை நன்றாகவே தெரியும். மழையில் நனைந்த நாயிடம் அது பலமடங்காவதற்குக் காரணம், ஈரம் ஆவியாகும்போது அந்த நுண்ணுயிரிகள் விட்டுச்சென்ற மணப்பொருள்களையும் சேர்த்து மேலே கொண்டுவருவதுதான். நாய் தன் உடலை முழுதாக நக்கித் துடைக்கும் பிராணியும் அன்று.

வேட்டையாடும் முறையை நினைத்தால் இந்த வேறுபாடு இன்னும் விளங்கும். நாயின் முன்னோர்கள் கூட்டமாக ஓடித் துரத்திப் பிடிப்பவர்கள். வருவது தெரிந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பூனையோ தனியாகப் பதுங்கி, காத்திருந்து, ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். எலிக்கு மூக்கு கூர்மையானது. காற்றில் வாடை போனால் அன்றைய இரை போயிற்று. மலத்தைக் குழி தோண்டி மூடுவதும் உண்டவுடன் உடலைத் துடைப்பதும் இந்த வாழ்க்கைக்குப் பொருத்தமான பழக்கங்கள். இன்றைய வீட்டுப் பூனை ஆப்பிரிக்க, மேற்காசியக் காட்டுப் பூனையின் வழி வந்தது. சைப்பிரஸ் தீவில் மனிதர் ஒருவரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட, ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமையான பூனையின் எலும்புகள் 2004ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டன. தானியக் குவியலுக்கு எலி வந்ததும் எலிக்காகப் பூனை வந்ததும் அந்தக் காலத்துக் கதை. எங்கள் ஊர்க் கதையும் அதுவேதான்.

வெயிலில் படுத்து எழுந்த பூனை கூடுதலாக மணப்பது ஏன்?

பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை, அதாவது நம்முடையதைவிட அதிகம். முற்றத்து வெயிலில் அரை மணி நேரம் புரண்டபின் மயிரின் மேற்பரப்பு மேலும் சூடாகிறது; தோலின் எண்ணெயிலும் அதில் படிந்த வைக்கோல் தூசியிலும் உள்ள மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகி நம் மூக்கை எட்டுகின்றன. மயிரில் வெயில் உண்டாக்கும் வைட்டமின் டி சத்தைப் பெறுவதற்காகவே பூனை தன்னை நக்கிக்கொள்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். பூனையின் தோல் அந்தச் சத்தைத் தேவையான அளவுக்குத் தயாரிப்பதில்லை. உணவிலிருந்தே அதைப் பெற்றாக வேண்டும்.

கன்னத்தை நம் காலில் தேய்ப்பது மணம் பூசுவதற்காகவா?

ஆம், ஆனால் அந்த மணம் நமக்குத் தெரியாது. கன்னம், நெற்றிப்பொட்டு, தாடை, உதட்டோரம், விரலிடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களில் பூனைக்குத் தனிச் சுரப்பிகள் உண்டு. கதவு நிலையில், தூணில், உங்கள் கணுக்காலில் அது கன்னத்தைத் தேய்க்கும்போது ‘இது எனக்குப் பழகிய இடம்’ என்ற குறிப்பை எழுதிவிட்டுப் போகிறது. பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் பாத்ரிக் பாஜா 1990களில் இந்தக் கன்னச் சுரப்பைப் பகுத்து ஆராய்ந்தார். அவற்றில் ஒரு பகுதியைச் செயற்கையாகத் தயாரித்து, பதற்றமுள்ள பூனைகளை அமைதிப்படுத்த இன்று விற்கிறார்கள். மேல்வாயின் முன்பற்களுக்குப் பின்னால் திறக்கும் ஒரு தனி உறுப்பு இத்தகைய குறிப்புகளைப் படிக்க உதவுகிறது. எதையோ முகர்ந்துவிட்டு வாயைப் பாதி திறந்தபடி பூனை திகைத்து நிற்பதைப் பார்த்தால், அது அருவருப்பு என்று எண்ண வேண்டாம், படித்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் தடவிக்கொடுத்த உடனே பூனை அந்த இடத்தை நக்குவதும் இதன் தொடர்ச்சிதான். உங்கள் கைமணம் அதன் மணத்தின் மேல் ஏறிவிட்டது; அதைச் சரிசெய்கிறது. மனம் புண்படத் தேவையில்லை.

கோயிலில் சாத்தும் புனுகும் இதுவும் ஒன்றா?

காவிரிக் கரையில் இந்தக் கேள்வி வராமல் இராது. மயிலாடுதுறையில், கூறைப்புடவைக்குப் பெயர்பெற்ற கூறைநாட்டில், புனுகீசுவரர் கோயில் இருக்கிறது. புனுகுப் பூனை ஒன்று தன் புனுகைச் சாத்தி இறைவனை வழிபட்டது என்பது அங்கு வழங்கும் தலவரலாறு. பெயரில் பூனை இருந்தாலும் புனுகுப் பூனை பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் வாலடிக்குக் கீழே உள்ள தனிச் சுரப்பியில் ஊறும் கொழகொழப்பான பொருளே புனுகு. மூக்கருகே வைத்தால் குமட்டும், நெய்யிலோ எண்ணெயிலோ மிகச் சிறிதளவு கரைந்தால் மணக்கும். இந்த விலங்கைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். வீட்டுப் பூனைக்கு இத்தகைய புனுகுப் பை கிடையாது. அதன் மலவாயின் இருபுறமும் உள்ள சிறு பைகளில் ஊறுவது யாரும் எந்தச் சாமிக்கும் சாத்த விரும்பாத பொருள்.

ஆனாலும் அரிசிக்கும் இவ்வகை விலங்குகளுக்கும் ஓர் உறவு உண்டு, நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியாது. பாசுமதி முதலான வாசனை அரிசிகளின் மணத்துக்கு அடிப்படையான சேர்மம் 2-அசெட்டில்-1-பைரோலின். வங்கப் புலி எல்லையைக் குறிக்கப் பீய்ச்சும் திரவத்திலும் அதே சேர்மம் இருக்கிறது என்று கொல்கத்தாவைச் சேர்ந்த ரத்தன்லால் பிரம்மச்சாரியும் அவருடைய குழுவினரும் கண்டு, 1990ஆம் ஆண்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். புனுகுப் பூனையின் உறவான பின்டுராங் என்னும் விலங்கு சோளப்பொரியைப் போல் மணப்பதற்கும் அதுவே காரணம் என்று 2016ஆம் ஆண்டில் தெரியவந்தது. தென்னந்தோப்பில் மரநாய் வந்துபோன இரவில் சோறு வடித்த மணம் வருவதாக இங்கே சொல்வார்கள். அதுவும் புனுகுப் பூனையின் குடும்பமே. வீட்டுப் பூனையின் உச்சந்தலையில் நான் முகரும் பொரி மணத்துக்கு இந்தச் சேர்மமே காரணம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நெல் மூட்டையின் மேல் ஆறு மணி நேரம் படுத்திருந்த பூனையை வைத்துக்கொண்டு அப்படி வாதாடுவது முறையாகாது.

இவ்வளவு மணக்கும் பூனையின் சிறுநீர் மட்டும் ஏன் அப்படி நெடியடிக்கிறது?

வறண்ட நிலத்து முன்னோரிடமிருந்து வந்த சிறுநீரகம் நீரை மிச்சப்படுத்துவதால் சிறுநீர் மிகவும் செறிவாக இருக்கிறது. அதிலும் கடுவன் பூனையின் நெடிக்குத் தனிக் காரணம் உண்டு. அதன் சிறுநீரில் ஃபெலினின் என்னும் அமினோ அமிலம் அதிகம் வெளியேறுகிறது. மணமில்லாத இந்தப் பொருள் பிறகு சிதைந்து கந்தகச் சேர்மங்களாக மாறும்போதுதான் நெடி எழுகிறது. காக்சின் என்னும் புரதம் ஃபெலினின் உற்பத்தியை முறைப்படுத்துவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் விளக்கினார்கள். கடுவனுக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டால் இந்தச் சுரப்பு வெகுவாகக் குறையும், சுவரில் பீய்ச்சும் பழக்கமும் பெரும்பாலும் நின்றுவிடும். வீட்டுக்குள் வாடை தாங்கவில்லை என்று பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவருகிறவர்கள் ஒரு நாள் கால்நடை மருத்துவமனைக்குப் போயிருந்தால் போதும்.

குட்டிகளிடம் பால் மணம் மட்டும் வருவது எப்படி?

தாய்தான் காரணம். பிறந்து ஏறத்தாழ மூன்று வாரங்கள்வரை குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய் அடிவயிற்றை நக்கித் தூண்டி, வெளிவருவதையும் நக்கி எடுத்துவிடுகிறது. பரணில் பழந்துணிக்குள் ஐந்து குட்டிகள் இருந்தும் கீழே இருப்பவர்களுக்கு வாடையே தெரியாமல் போவது இதனால்தான். கண் திறப்பதற்கு முன்பே குட்டிக்கு மூக்கு வேலை செய்யும்; தன் முலைக்காம்பை மணத்தைக் கொண்டே கண்டடைகிறது.

குப்பைமேனிச் செடியில் புரண்டு வந்த பூனை வேறு மாதிரி மணக்கிறதே?

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் இருப்பதே விடை. அதன் வேரைத் தோண்டினால் பூனை வந்து முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுகப் புரளும். வேரில் உள்ள இரிடாய்டு வகைச் சேர்மங்களே ஈர்ப்புக்குக் காரணம் என்று 2016ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். மேல்நாட்டுப் பூனைகளை மயக்கும் பூனைப்புதினாவிலும் இவற்றின் உறவுச் சேர்மங்களே இருக்கின்றன. ஜப்பானில் இதேபோல் பூனைகளை ஈர்க்கும் ஒரு கொடியை வைத்து 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, புரளும்போது மயிரில் படியும் அந்தச் சாறு கொசுவை விரட்டுகிறது என்று காட்டியது. பெயரிட்ட நம் முன்னோர் வேதியியல் அறியாதவர்கள், ஆனால் பூனையைக் கவனித்தவர்கள்.

பூனையைக் குளிப்பாட்டலாமா? சாம்பிராணி காட்டலாமா, பவுடர் போடலாமா?

நலமான குறுமயிர்ப் பூனைக்குக் குளியல் தேவையில்லை. சேற்றிலோ எண்ணெயிலோ விழுந்துவிட்டால் வெதுவெதுப்பான நீரில், பூனைக்கென்றே தயாரித்த ஷாம்பூவால் கழுவி, நன்றாகத் துவட்டிவிடலாம். நம்முடைய சோப்பும் சீயக்காயும் அதன் தோலுக்கு ஏற்றவை அல்ல.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூனையின் மேல் நீங்கள் எதைப் பூசினாலும் அது மாலைக்குள் அதன் வயிற்றுக்குள் போய்விடும். பூனையின் கல்லீரலில் சில நச்சுப் பொருள்களை முறித்து வெளியேற்றும் வழி மிகவும் பலவீனமானது. ஆகவே தரை துடைக்கும் பினாயில், பீரோவில் போடும் பூச்சி உருண்டை, கற்பூரம், வாசனைத் தைலங்கள் போன்றவை நமக்குச் சாதாரணமாகத் தோன்றினாலும் அதற்கு நஞ்சு. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து பூனையைக் கொன்றுவிடக்கூடும். ஒரு வெள்ளிக்கிழமை வீடெங்கும் சாம்பிராணி மூட்டத்தில் எங்கள் பூனை இருமிக்கொண்டே கொல்லைக்கு ஓடியதைப் பார்த்தபின், பூசை முடிந்து கதவையும் ஜன்னலையும் திறந்து புகை கலைந்த பிறகே அதை உள்ளே விடுகிறோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மணம் குறைந்துவிடுகிறதே?

இயல்புதான். வெயில் இல்லை, காற்றில் ஈரம் அதிகம், மயிர் காய நேரமாகிறது. நனைந்து வந்தால் பருத்தித் துணியால் துவட்டி, காய்ந்த சாக்கோ பழைய போர்வையோ விரித்துவிடுங்கள். துவட்டியபின்னும் பூசண வாடை நீடித்தாலோ, வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்தாலோ அது மழையின் குற்றமன்று. படர்தாமரை வகைப் பூஞ்சையாக இருக்கலாம், நமக்கும் தொற்றும்.

உணவுக்கும் மணத்துக்கும் தொடர்பு உண்டா? எங்கள் வீட்டில் தயிர் சாதம்தான் போடுகிறோம்.

தொடர்பு உண்டு. ஊட்டம் குறைந்தால் மயிர் பொலிவிழந்து, தோல் உலர்ந்து செதில் உதிரும், வாடையும் மாறும். பூனை இறைச்சியை உண்டே வாழ வேண்டிய விலங்கு. டாரின் என்னும் சத்து உணவில் இல்லாவிட்டால் அதன் பார்வை கெடும், இதயம் பலவீனமாகும். இதயத்தைப் பற்றிய உண்மை 1987ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. அக்கிரகாரத்துப் பூனைகள் தலைமுறை தலைமுறையாகத் தயிர் சாதம் உண்டே கொழுத்தன என்று வாதிடும் நண்பர்களுக்கு என் விடை, வயலும் எலியும் பக்கத்தில் இருந்தன என்பதுதான். மாடிக் குடியிருப்பில் அடைபட்ட பூனைக்கு அந்த வசதி இல்லை. வேகவைத்து முள் நீக்கிய மீன், முட்டை, கோழி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சமைக்க மனம் இடம் தராதவர்கள் கடையில் கிடைக்கும் முழுமையான பூனை உணவை வாங்கலாம்.

மணம் மாறினால் நோய் என்று கொள்ளலாமா?

கொள்ளலாம். பூனை வலியை வெளிக்காட்டாத பிராணி. அது மறைப்பதைப் பல சமயம் அதன் மணம்தான் முதலில் சொல்லிவிடுகிறது. வாயிலிருந்து அழுகல் வாடை வந்தால் பெரும்பாலும் பல்லும் ஈறும் கெட்டிருக்கும். அந்த வாயால் நக்கும்போது உடல் முழுதும் வாடை ஏறிவிடும், அதனால் வாயைப் பார்க்காமல் தோலுக்கு மருந்து தேடி அலைகிறவர்கள் உண்டு. மூச்சில் அம்மோனியா நெடி சிறுநீரகக் கோளாற்றின் குறியாக இருக்கலாம். அதிகம் தண்ணீர் குடித்து மெலிந்துவரும் பூனையின் மூச்சில் நகப்பூச்சு அழிப்பானைப் போன்ற இனிப்பு நெடி வந்தால் முற்றிய நீரிழிவாக இருக்கக்கூடும், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். காதில் காப்பித்தூளைப் போன்ற கறுப்பு அழுக்கும் வாடையும் இருந்தால் காதில் வாழும் சிற்றுண்ணியை நினைக்க வேண்டும்.

கடுவன்கள் சண்டையிட்ட மூன்றாம் நான்காம் நாளில் வரும் வீச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல் பதிந்த துளை மேலே மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டும். எங்கள் செவலையின் வாலடியில் அப்படி ஒன்று இருந்ததைக் கண் பார்க்கவில்லை, கை அறியவில்லை. மடியில் ஏறியபோது மூக்குதான் கண்டுபிடித்தது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கீறிச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார்கள். சிக்கலான நோய்க்கு டெல்டா மக்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலுள்ள பாரசிட்டமால் மாத்திரையை மட்டும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கப் போதும்.

பூனையை முகர்வதால் நமக்குக் கெடுதல் உண்டா?

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உண்டு. ஃபெல் டி 1 என்னும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெயிலும் இருக்கிறது. நக்கும்போது மயிரில் பரவி, காய்ந்து, காற்றில் மிதக்கிறது. தும்மலோ இளைப்போ வருபவர்கள் முகம் புதைக்கும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. கருவுற்ற பெண்கள் கேட்கும் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் தொற்று, மயிரைவிட மலத்தைச் சார்ந்தது: மலத்தில் வெளியேறும் முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள்வரை ஆகும் என்பதால், மணல் தட்டை நாள்தோறும் வேறொருவர் சுத்தம் செய்துவிட்டால் அச்சம் பெரிதும் குறையும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக மருத்துவமனை செல்லத் தயங்கக் கூடாது. பூனையும் அந்த நோயைப் பரப்பும்.

வயதான பூனையிடம் பழைய மணம் இல்லையே, என்ன செய்யலாம்?

மூட்டு இறுகிவிட்டால் பூனையால் முதுகை வளைத்துத் திரும்ப முடியாது. நாக்கு எட்டாத நடுமுதுகிலும் வாலடியிலும் எண்ணெயும் உதிர்ந்த மயிரும் திரண்டு, மக்கிய வாடை வரும். பருத்த பூனைகளுக்கும் இதே நிலைதான். பழைய வேட்டித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, மயிர் படிந்திருக்கும் திசையிலேயே துடைத்து, பிறகு மென்மையான சீப்பால் சீவிவிடுங்கள். பல்லையும் சிறுநீரகத்தையும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பதினான்கு வயதான எங்கள் செவலைக்குச் சென்ற தையிலிருந்து இதைச் செய்துவருகிறேன். முதல் நாள் துடைத்து முடித்ததும் அது என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நான் துடைத்த இடங்களையெல்லாம் மறுபடி நக்கத் தொடங்கியது. தோள்வரை எட்டியது, முதுகு எட்டவில்லை. தோளையே இரண்டு முறை நக்கிவிட்டு, மூட்டையின் மேல் ஏற்றிவிடும்படி என் காலருகே வந்து உட்கார்ந்துகொண்டது.